யார்க்‌ஷயர் டெரியரின் முடி: வளரும் விதமும், வளர்ந்த நீளத்தைக் காப்பாற்றும் வழியும்

"ஒரு வயசு முடிஞ்சிடுச்சு, முடி இன்னும் வயித்தைத் தாண்டல. நல்ல எண்ணெய் ஏதாவது சொல்லுங்களேன்."

யார்க்‌ஷயர் டெரியர் என்ற சின்ன நாயை, செல்லமாக யார்க்கியை, வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். பதில் சொல்வதற்கு முன் அவர்களை ஒன்று செய்யச் சொல்வேன். நாய்க்கு வாரிய சீப்பில் இருக்கும் முடியை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீள முடியாக இருந்து, ஒரு முனையில் மட்டும் ஊசி முனை அளவுக்கு வெளுத்த குமிழ் தெரிந்தால், அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. தினமும் கொஞ்சம் அப்படி விழுவது இயல்பு. விரற்கடை நீளத்தில் துண்டு துண்டாக, எந்த முனையிலும் குமிழ் இல்லாமல் கிடந்தால் அது உடைந்த முடி. கேட்டவர்களில் பெரும்பாலோர் தாளில் கண்டது துண்டுகளைத்தான்.

யார்க்கியின் முடி ஏறக்குறைய நம் தலைமுடி வேகத்தில், மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. வேரில் 1 செ.மீ. வளர, நுனியில் 1 செ.மீ. உடைந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். வருடம் முழுக்க நாய் அதே நீளத்தில் நிற்கும், நாம் எண்ணெய் தேடிக்கொண்டிருப்போம். ஆரோக்கியமான யார்க்கிக்கு முடியை வளர்க்க நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றியது. மீதி, நிஜமாகவே முடி வளராத நாய்களைப் பற்றியது.

இது எப்படிப்பட்ட முடி

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற அடிரோமம். யார்க்கிக்கு அந்த அடிரோமம் கிடையாது. ஒரே அடுக்கு, நேரான, மெல்லிய, வழவழப்பான முடி. அதனால்தான் வீட்டில் ரோமம் கொட்டுவது மிகக் குறைவு. ஆனால் உதிரும் கொஞ்சமும் கீழே விழாமல் பக்கத்து முடிகளுக்குள் மாட்டிக்கொள்கிறது. சிக்கு உருவாகும் முதல் இடம் அதுதான்.

எந்த முடியும் மூன்று கட்டங்களில் வாழ்கிறது: வளரும் கட்டம், வளர்ச்சி நிற்கும் இடைக்கட்டம், ஓய்ந்து உதிரும் கட்டம். லாப்ரடாரின் முடி கொஞ்ச காலமே வளர்ந்து, பிறகு நெடுநாள் ஓய்வில் கிடக்கும். யார்க்கிக்கு வளரும் கட்டம் மிக நீண்டது. இதை நிர்ணயிப்பது எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு. வளர்ந்தது போதும், நிறுத்து என்று முடியின் வேருக்குச் சொல்லும் புரதத்தை உருவாக்குவது அது. நீள முடி நாய்களில் அந்த மரபணு மாறியிருப்பதால் நிறுத்தச் சொல்லும் குரல் பலமாகக் கேட்பதில்லை, முடி வளர்ந்துகொண்டே போகிறது. நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-ல் ஒரு பெரிய மரபணு ஆய்வு காட்டியது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசை தாடிக்கு. உங்கள் நாயின் முடி கடைசியில் எவ்வளவு தூரம் போகும் என்பது தாய் தகப்பனிடமிருந்து வந்த கணக்கு. எந்த எண்ணெயும் அந்தக் கணக்கை மாற்றாது.

இந்த முடி இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் ஆலைத் தெருக்களில் உருவானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்த நெசவாளர்கள் தங்கள் சிறு டெரியர்களையும் கூட்டி வந்தார்கள். ஆலைகளிலும் வீடுகளிலும் எலி பிடிக்க வைத்திருந்த நாய்கள். உள்ளூர் நாய்களோடு அவை கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் வந்தது இந்த இனம். 1865-ல் பிறந்து 1871-ல் இறந்துபோன ஹட்டர்ஸ்ஃபீல்டு பென் என்ற நாயைத்தான் இனத்தின் தகப்பன் என்கிறார்கள். அந்த முடியைப் பார்த்தவர்கள், இதுவும் தறியில் நெய்து எடுத்ததுதானோ என்று நெசவாளர்களைக் கேலி செய்வார்களாம். நாள் முழுக்க இழையைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொன்ன கைகள் தேர்ந்தெடுத்த முடி இது. காஞ்சிபுரத்துப் பட்டைக் கையில் எடுத்துப் பார்த்த யாருக்கும் அந்தக் கேலி புரியும்.

இங்கிலாந்தின் நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப் வைத்திருக்கும் இன இலக்கணமும் பட்டு போன்ற மென்மை, பளபளப்பு, வளைவில்லாத நேர் முடி, கம்பளி போல இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. நடைக்கு இடைஞ்சலாக முடி இருக்கவே கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நீளத்தின் மீது ஆசைப்படும் நாம் இந்த வரியை மறந்துவிடுகிறோம்.

எல்லா யார்க்கிக்கும் பட்டு முடி அமைவதில்லை. சிலவற்றுக்குப் பஞ்சு போன்ற முடி. விரல்களுக்கு நடுவே ஒரு கற்றையை எடுத்து உருவிப் பாருங்கள். பட்டு முடி சில்லென்று, கனமாக, விட்டவுடன் நேராக விழும். பஞ்சு முடி லேசாக, கதகதப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பஞ்சு முடிக்குச் சிக்கு மிக வேகமாக வரும். அப்படிப்பட்ட நாயைத் தரை நீளத்துக்கு வளர்க்கப் பார்ப்பது அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். 3 அல்லது 4 செ.மீ. வைத்து வெட்டிக்கொள்வதே அதற்குச் செய்யும் நன்மை என்பது என் தீர்மானமான எண்ணம்.

வயதும் நீளமும்

யார்க்கிக் குட்டிகள் கறுப்பும் செம்பொன் நிறமுமாக, குட்டை முடியோடு பிறக்கும். விளம்பரப் படத்தில் பார்த்த நீல நிறம் எங்கே என்று பயப்பட வேண்டாம். ஆறு மாத வாக்கில் தொடங்கி இரண்டு, சில நாய்களில் மூன்று வயது வரை, முதுகுக் கறுப்பு மெல்ல மெல்ல எஃகு நீலமாக மாறும். வேர்ப்பக்கம் முதலில் வெளுக்கும். வகிடு எடுத்துப் பார்த்தால் தெரியும்.

நீளக் கணக்கு எளிது. தோள் உயரம் சுமார் 20 செ.மீ. உள்ள நாய்க்கு, முதுகு வகிட்டிலிருந்து விலாவின் வளைவு வழியாகத் தரை வரை 22 முதல் 25 செ.மீ. ஆகும். மாதம் 1 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய இரண்டு வருடம். துளியும் உடையாமல் போனால் ஒன்றரை வயதிலேயே விலா முடி தரையைத் தொடும் நாய்களும் உண்டு. தலையும் தாடியும் இன்னும் தாமதமாகும், காரணம் சாப்பாடும் தண்ணீரும் தினமும் அங்கே படுவது. எனவே ஒரு வயதில் வயிறு வரைதான் முடி என்றால் அது தாமதம் ஆகாது, சரியான நேரம்.

குட்டி போட்ட பெண் நாய்க்குப் பால் கொடுக்கும் மாதங்களில் முடி கொத்தாக உதிரும். பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அப்படித்தான். அது திரும்ப வளர்ந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன்: எந்த நீளம்?

முழு நீள முடிக்குத் தினமும் 20 முதல் 30 நிமிடம், வாரம் ஒரு முழுக் குளியலுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். விட்டுவிட்டுச் செய்தால் பலன் இல்லை. வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புபவர் மனசாட்சியோடு யோசிக்க வேண்டும். உடம்பில் 3 செ.மீ., தலையில் குடுமி அளவுக்கு நீளம் என்று நடுவழி ஒன்றும் இருக்கிறது. பார்க்க அழகாகவே இருக்கும். குட்டையாக வெட்டிய யார்க்கி சந்தோஷத்தில் ஒரு பங்கும் குறைவதில்லை.

வேண்டிய சாமான்கள் குறைவுதான். நுனியில் குண்டு வைக்காத, ரப்பர் அடித்தளத்தில் ஊசிகள் பதித்த பிரஷ் ஒன்று. குண்டு வைத்த பிரஷில் ஒவ்வொரு குண்டும் முடியைக் கொக்கி போலப் பிடித்து இழுத்து உடைக்கும். ஒரு பாதி அகலப் பல்லும் மறு பாதி நெருக்கப் பல்லுமான ஸ்டீல் சீப்பு, தெளிப்பான் பாட்டில், கண்டிஷனர், லேடெக்ஸில் செய்த குட்டி ரப்பர் பேண்டுகள், மழுங்கிய நுனியுள்ள சின்னக் கத்தரிக்கோல். சடை நாய்களுக்கான வளைந்த கம்பி பிரஷை இந்த முடியில் தொடாதீர்கள். பிளாஸ்டிக் சீப்பும் வேண்டாம், அது நிலைமின்சாரத்தைக் கிளப்பும்.

முதல் படி: தினம் ஒரு முறை சிக்கெடுப்பது

காய்ந்த முடியை ஒருபோதும் வாராதீர்கள். கால் லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் கண்டிஷனர் கலந்து தெளிப்பானில் வைத்துக்கொண்டு, புகை படர்வதுபோல லேசாகத் தெளித்துவிட்டுத்தான் பிரஷ் முடியில் படவேண்டும்.

நாயைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். குட்டிப் பருவத்திலிருந்தே தினம் ஐந்து நிமிடம் இப்படிப் படுக்கப் பழக்கிவிட்டால் பின்னால் தூங்கிக்கொண்டே வாரிக்கொள்ளும். வயிற்றுப் பக்கம் தொடங்கி, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரிசை முடியை மட்டும் கீழே இறக்கி, மீதியை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் தோல் தெரிய வேண்டும். முதலில் நுனி, பிறகு நடு, கடைசியாக வேர். பிரஷ் போன பாதையில் சீப்பு தடையில்லாமல் போனால் அடுத்த வரிசையை இறக்கலாம். மேலோட்டமாக மேல் முடியை மட்டும் வாரிவிட்டு, அடியில் கம்பளிபோல் சடை பிடித்திருப்பதை ஒரு மாதம் கழித்துப் பார்த்து அழுதவர்கள் நிறைய பேர்.

சிக்கு எங்கே வரும் என்று நாய்க்கு நாய் மாறாது. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) படும் இடத்தில். நீள முடி வேண்டுமென்றால் ஹார்னஸை வெளியே போகும்போது மட்டும் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். சொரசொரப்பான நைலான் பட்டையைவிட உள்ளே வழவழப்பான துணி வைத்தது நல்லது.

காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு என்று வைத்துக்கொள்வோம். புளியங்கொட்டை அளவு, தொட்டால் ஃபெல்ட் துணிபோல் இறுகியிருக்கிறது. சீப்பை எடுக்காதீர்கள். ஒரு துளி கண்டிஷனரை விரலில் எடுத்து அதில் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். எண்ணெய்ப்பிசுக்கான சிக்கு என்றால் ஒரு சிட்டிகை சோளமாவு இன்னும் நன்றாக வேலை செய்யும். பிறகு சிக்குக்கும் தோலுக்கும் நடுவே இடது கை விரல்களால் முடியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், இழுப்பு தோலுக்குப் போகாது. வலது கை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் சிக்கின் ஓரத்திலிருந்து நாலு நாலு முடியாகப் பிரித்து வெளியே உருவுங்கள். மல்லிகைச் சரத்தைப் பிரிப்பதுபோல. பாதி தளர்ந்ததும் சீப்பின் கடைசி ஒரு பல்லை மட்டும் உள்ளே விட்டு நுனிப் பக்கமாகத் தட்டித் தட்டி இழுத்தால், உள்ளிருந்து ஒரு சின்ன உருண்டை வெளியே வரும். அது உதிர்ந்து மாட்டிக்கொண்ட பழைய முடி. உயிருள்ள முடி அப்படியே இருக்கும். பத்து நிமிட வேலையில் ஒரு வருட வளர்ச்சி பிழைத்தது.

கத்தரிதான் வழி என்றால், சிக்குக்கு அடியில் முதலில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். சிக்கு தோலை மேலே இழுத்து வைத்திருக்கும். காதோரத் தோல் தாள்போல மெல்லியது. முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: குளியல்

அழுக்கு முடிதான் உடையும். எண்ணெய்ப்பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஒரு முடியை இன்னொன்றோடு உரச வைக்கும். அதனால் நீள முடி நாய்க்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு குளியல் அவசியம். அடிக்கடி குளிப்பாட்டினால் முடி போய்விடும் என்ற பயம், கண்டிஷனர் போடாமல் குளிப்பாட்டுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

எல்லாச் சிக்கையும் எடுத்த பிறகே தண்ணீர். நனைந்த சிக்கு காயும்போது முடிச்சாக இறுகிவிடும், பிறகு கத்தரிதான். நம்முடைய ஷாம்பூ நம் தோலின் அமிலத் தன்மைக்கு ஏற்பச் செய்தது. நாயின் தோல் அவ்வளவு அமிலம் இல்லை, அதனால் நாய்க்கென்று இருப்பதையே வாங்குங்கள். ஒரு பங்கு ஷாம்பூவைப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றி, முடி விழும் திசையிலேயே, மேலிருந்து கீழாக மட்டும் கையால் உருவிவிடுங்கள். தலைக்குத் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்த்தால் அங்கேயே பத்துச் சிக்கு பிறக்கும்.

கண்டிஷனரை மூன்று நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமாக இருக்கும் வீடுகளில், சென்னையின் பல பகுதிகள் அப்படித்தான், அலசிய பிறகும் முடி மொரமொரவென்று நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு லிட்டர் குடிநீர் எடுத்துவையுங்கள். இவ்வளவு சின்ன நாய்க்கு அது போதும், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

துண்டால் துடைக்க வேண்டாம், சுற்றி அழுத்தி ஒற்றி எடுங்கள். டிரையரை மிதமான சூட்டில், உங்கள் புறங்கைக்குச் சுடாத தூரத்தில் பிடித்து, பிரஷால் ஒவ்வொரு வரிசையாக உருவிக்கொண்டே காயவையுங்கள். தானாகக் காயவிட்டால் முடி அலையலையாகச் சுருங்கி, மறுநாளே சிக்காகும். ஈரம் தங்கினால் தோலில் பூஞ்சையும் வரும்.

தேங்காய் எண்ணெய் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய் முடியை வளர்க்காது, உராய்வைக் குறைக்கும். காட்சி நாய்களுக்கு எண்ணெய் வைத்துத் தாளில் சுற்றி வைப்பது பழைய வழக்கம், ஆனால் வாரா வாரம் முழுக்கக் கழுவி எடுத்துவிடுவார்கள். எண்ணெய் தடவி அப்படியே விட்டால் தெருத் தூசியெல்லாம் ஒட்டும், நாய் நக்கி வயிறு கெடும். உள்ளங்கையில் இரண்டு துளி தேய்த்து நுனிகளில் மட்டும் ஒற்றுங்கள், அடுத்த குளியலில் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் படி: குடுமி

ஐந்து ஆறு மாதத்தில் நெற்றி முடி கண்ணில் விழ ஆரம்பிக்கும்போது குடுமி போடலாம். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து காதின் உள் ஓரம் வரை இரண்டு பக்கமும் சீப்பு நுனியால் வகிடு எடுத்து, நடுவில் உள்ளதை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். கட்டிய பிறகு பேண்டுக்கு முன்னால் ஒரு சீப்புப் பல்லை விட்டு முடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நாயால் கண்ணை முழுசாக மூட முடிகிறதா, புருவம் அசைகிறதா என்று பாருங்கள்.

இறுக்கிக் கட்டினால் வேரில் ரத்த ஓட்டம் குறைந்து, அந்த இடம் வழுக்கையாகிவிடும். யார்க்கி போன்ற குடுமி நாய்களில் மட்டும் அடிக்கடி பார்க்கும் வழுக்கை இது. வடு விழுந்துவிட்டால் அங்கே முடி திரும்ப வருவதே இல்லை. தினமும் பேண்டைக் கத்தரித்து எடுங்கள், உருவாதீர்கள். கட்டும் இடத்தையும் அரை செ.மீ. முன்னே பின்னே மாற்றுங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண ரப்பர் பேண்ட் முடியோடு ஒட்டிக்கொண்டு கொத்தாகப் பிடுங்கிவரும், அது வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: தாள் சுற்றுவது (முழு நீளம் வேண்டுபவர்களுக்கு மட்டும்)

கண்காட்சிகளில் பட்டுத் திரைபோல் முடி தொங்க நிற்கும் யார்க்கிகள் மற்ற நாட்களில் உடம்பெல்லாம் சின்னச் சின்னத் தாள் பொட்டலங்களோடுதான் இருக்கும். 1997-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் ஒட்டுமொத்த முதல் பரிசை வென்ற ஓஸ்மிலியன் மிஸ்டிஃபிகேஷன், அந்தப் பரிசைப் பெற்ற முதல் யார்க்கி. அந்த வகை முடிக்குப் பின்னால் இருப்பது இந்தப் பொட்டல வேலைதான்.

முடி ஒரு பொட்டலத்துக்குள் மடியும் அளவுக்கு, சுமார் பத்து மாதத்துக்குப் பிறகு, ஆரம்பிக்கலாம். இதற்கென விற்கும் மெல்லிய, கிழியாத தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்து, நடுவில் ஒரு கற்றை முடியை வைத்து, நுனியும் உள்ளே வரும்படி மூடி, கீழிருந்து மேலாக மடித்துக்கொண்டே வந்து, பேண்ட் போடுங்கள். பொட்டலம் தோலை ஒட்டி இறுகாமல், விரல் நுழையும் இடைவெளியில் ஊஞ்சல்போல ஆட வேண்டும். ஒரே பொட்டலத்தில் காலின் முடியையும் விலாவின் முடியையும் சேர்க்கக் கூடாது, நடக்கும்போது இரண்டும் எதிரெதிராக இழுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பிரித்து, வாரி, மீண்டும் சுற்ற வேண்டும். ஒரு வாரம் பிரிக்காமல் விட்டால் உள்ளே சடைதான் இருக்கும். நாய் பொட்டலத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: நீளம் வேண்டும் என்றாலும் வெட்ட வேண்டிய இடங்கள்

காதின் மேல் மூன்றில் ஒரு பங்கு முடியை இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டுங்கள். குட்டிகளுக்கு அந்தக் கனம் இருந்தால் காது நிமிர்ந்து நிற்காது. பாதத்தின் அடியில் மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடி, டைல்ஸ் தரையில் வழுக்கச் செய்து முழங்காலைப் பாதிக்கும். ஆசனவாயைச் சுற்றி ஒரு செ.மீ. எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். தரையைத் தொட்டு நடக்கும்போது மிதிபடும் நுனியை மாதம் ஒருமுறை நேராக வெட்டிவிடுங்கள். வெட்டினால் வேகமாக வளரும் என்பதில் உண்மை இல்லை, வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது. ஆனால் வெடித்த நுனி பக்கத்து முடியைப் பிடித்துச் சிக்காக்கும், அதைத் தடுக்கிறோம்.

ஆறாம் படி: சாப்பாடு

முடி ஏறக்குறைய முழுக்கப் புரதம். நாய் தினமும் சாப்பிடும் புரதத்தில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் முடிக்குமே போகிறது. 3 கிலோ யார்க்கிக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்குச் சற்று மேலேதான் தேவை. அதில் பாதியைத் தயிர் சாதமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால் முடிக்கு என்ன மிஞ்சும்? பாசத்தில்தான் கொடுக்கிறோம், ஆனால் இவ்வளவு சின்ன வயிற்றில் ஒவ்வொரு வாயும் கணக்கு.

நல்ல தரமான சிறு இன நாய் உணவு கொடுத்தால் மேற்கொண்டு பெரிதாக எதுவும் வேண்டாம். வீட்டுச் சமையல் என்றால் வேகவைத்த கோழி, வேகவைத்த முட்டை, முள் எடுத்த மத்தி மீன் என்று சுற்றி வரட்டும், அளவை ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். பச்சை முட்டை வெள்ளைக்கரு, முடிக்குத் தேவையான பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும், அதனால் வேகவைத்தே கொடுங்கள். மீன் எண்ணெய் தோல் வறட்சிக்கு நல்லது. எந்த மாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு மாதம் பொறுங்கள், ஏற்கனவே வெளியே வந்துவிட்ட முடியை உணவு மாற்றாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், இவை நாய்க்கு விஷம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மனிதர்களின் வழுக்கைக்குத் தடவும் மினாக்சிடில் மருந்தை நாய்க்கு ஒருபோதும் போடாதீர்கள். அது நாய், பூனை இரண்டின் இதயத்தையும் பாதித்து உயிரையே எடுக்கும். நீங்கள் உங்கள் தலைக்குப் போட்டிருந்தாலும், தலையணையையோ நெற்றியையோ நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வளரவில்லை என்றால்

பட்டு முடி இனங்களுக்கே உரிய ஒரு நிலை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள், நன்றாக நீளமாக இருந்த முடி மெல்லக் குட்டையாகிவிடும். அரிப்பு இருக்காது, வழுக்கை விழாது, நாய் துள்ளிக்கொண்டிருக்கும். முடியின் வளரும் கட்டம் சுருங்கிவிடுவதால், பழைய நீளத்தை எட்டும் முன்பே முடி உதிர்ந்துவிடுகிறது. யார்க்கியிலும் சில்க்கி டெரியரிலும் தோல் மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். தாளில் பரப்பிப் பார்க்கும் சோதனையில் குட்டையான, ஆனால் குமிழ் உள்ள முடிகள் கிடைத்தால் இதை யோசியுங்கள். ஆபத்தில்லாதது, சிகிச்சையும் தேவையில்லை. அந்த நாயின் நீளம் இனி அவ்வளவுதான்.

காதிலும் மூக்குத் தண்டிலும் முடி போய், தோல் கறுத்துப் பளபளவென்று ஆவதும் இளம் யார்க்கிகளில் உண்டு. அதுவும் உயிருக்கு ஒன்றும் செய்யாது.

டாக்டரிடம் உடனே காட்ட வேண்டியவை வேறு. வட்ட வட்டமாகச் செதில் உதிர்ந்து வழுக்கை விழுந்தால் படர்தாமரையாக இருக்கலாம். யார்க்கிகளுக்கு அது மற்ற இனங்களைவிட எளிதாக வரும், நமக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டும். நடுவயதைத் தாண்டிய நாய் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்து, அடிக்கடி ஒன்றுக்குப் போய், வயிறு தொங்கி, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி குறைந்தால் அது குஷிங் என்ற ஹார்மோன் நோயின் அடையாளம். சோம்பலும் எடை கூடுவதும் சேர்ந்தால் தைராய்டு. வளர்ச்சி குன்றி, சாப்பிட்ட பின் மயங்கினாற்போல இருக்கும் குட்டியின் முடி மங்கலாக இருந்தால் கல்லீரல் ரத்தக் குழாய்க் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்த இனத்துக்கு அது அதிகம். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட இடத்தில் சில வாரங்கள் கழித்து நாணய அளவு வழுக்கை விழுந்தால் பயந்து அடுத்த ஊசியை விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

மழித்துவிட்டால்

என் யார்க்கி பட்டுவுக்கு இரண்டு வயதில் அது நடந்தது. குளிப்பாட்டி வாரிவிடச் சொல்லி ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது உடம்பு முழுக்க ஒரு செ.மீ.க்கு வெட்டியிருந்தார்கள். அக்குளில் சிக்கு இருந்ததாம், கேட்காமலே செய்துவிட்டார்கள். வண்டியில் என் மடியில் நடுங்கிக்கொண்டு வந்தாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

முடி திரும்ப வந்தது. யார்க்கிக்கு அடிரோமம் இல்லாததால், ஸ்பிட்ஸ் வகை நாய்களை மழித்தால் சில சமயம் மாதக்கணக்கில் முடி முளைக்காமல் நின்றுபோகிறதே, அந்தச் சிக்கல் பெரும்பாலும் இதற்கு வருவதில்லை. முதல் மாதங்களில் வெயிலில் கூட்டிப்போகாமல், இரவில் மெல்லிய பருத்திச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் ஆகியும் முளைக்கவில்லை என்றால் மேலே சொன்ன நோய்களுக்குச் சோதிக்க வேண்டும்.

மாதம் முதல் தேதியன்று வெள்ளைத் தையல் நூலின் ஒரு முனையை அவள் தோள் வகிட்டில் வைத்து, முடியின் நுனி வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பேன். ஏழாவது மாதமும் எட்டாவது மாதமும் முடிச்சுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. சீப்பைத் தட்டித் தாளில் பார்த்தேன், எல்லாம் துண்டுகள். புதிதாக வாங்கிய ஹார்னஸின் தோள்பட்டைத் தையல், அதே இடத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. மாற்றியதும் ஒன்பதாவது முடிச்சு தள்ளி விழுந்தது. இருபத்திரண்டாவது முடிச்சு போட்ட அன்று நூல் தரையைத் தொட்டது. அந்த நூல் அவள் சீப்புப் பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது முதல் தேதிகளில் நூலுக்குப் பதில் கத்தரிக்கோலை எடுக்கிறேன், மிதிபடும் நுனியை வெட்ட.